கயிற்றுக் கட்டி

1. கறுப்பு மருந்து

போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். முதல் நாளே கம்பவுண்டர் என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே தார் மாதிரி கறுப்பாக ஒரு களிம்பு. இக்தமால் என்று பேர். அந்த நாற்றத்தில் காலையில் தின்ற இட்லி மேலே வந்துவிடும்.

“கழுத்துக் கட்டின்னு பொம்பளையாளுக வருவாக. இதைத் தடவி அனுப்பிரும்மா, வேற ஒண்ணும் யோசிக்காத” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

வந்தார்கள். வாரத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும், அதன் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும். நிறைந்த கூடையோடு மேட்டில் ஏறும்போது பாரம் முழுக்கக் கழுத்தில்தான் இறங்கும். அதனால் கழுத்தில் எது உருண்டாலும் அது கயிற்றுக் கட்டி. எஸ்டேட்டே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வேலை செய்து வந்த கட்டி என்பதால் அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. “எனக்கும் கயித்துக் கட்டி வந்துட்டு” என்று புதுப்பெண்கள் பெருமையாகச் சொன்னதைக்கூடக் கேட்டிருக்கிறேன். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். அவள் கழுத்திலும் ஓர் உருண்டை இருந்தது. அதனால் எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

சந்தேகம் டாக்டரோடுதான் வந்தது. டாக்டர் நாச்சிமுத்து கிழக்குப் பாலக்காட்டுக்காரர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். பேச்சு அப்படியே கோயமுத்தூர்ப் பேச்சு, ‘ங்க’ போடாமல் வாயைத் திறக்க மாட்டார். கொழுந்து எடுக்கிறவளையும் “வாங்க அம்மிணி, உக்காருங்க” என்பார். எங்கள் பெண்களெல்லாம் திருநெல்வேலி, சங்கரன்கோவில் வழி வந்தவர்கள். எடுத்த எடுப்பில் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டே பழகியவர்கள். டாக்டர் ‘ங்க’ போட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். “மாப்பிள்ளையக் கூப்பிடுத மாதிரில்லா கூப்பிடுதாரு!”

அவர் வந்த புதிதில் ஒரு நாள் சண்முகத்தாய் வந்தாள். எஸ்டேட் வரிசை வீடுகளில், மூன்றாம் நம்பர் லயத்தில் குடியிருந்தவள். கொழுந்துக்காரி, இடுப்பில் கைக்குழந்தை. வாய் செத்த பிள்ளை என்பார்களே, அந்த ரகம். நான் வழக்கம்போல டப்பாவைத் திறந்தேன்.

“இருங்க சிஸ்டர்” என்றார் டாக்டர். அவள் கழுத்தில் கையை வைத்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, வலிக்குதுங்களா?”

“இல்ல சார்.”

“பொழுது சாஞ்சா ஒடம்பு கதகதன்னு வருதுங்களா?”

“ஆமா சார்.”

“சோறு எறங்குதுங்களா?”

ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியதே பதில்.

டாக்டர் என் கையைப் பிடித்து அவள் கழுத்தில் வைத்தார். பலாக்கொட்டைகளைச் சேர்த்து ஒட்டவைத்த மாதிரி ஒரு கொத்து கையில் தட்டுப்பட்டது. தள்ளினால் தனித்தனியாக நகரவில்லை, மொத்தமாக நகர்ந்தது.

“கயிறு கட்டியைக் கொண்டாரும்னே வெச்சுக்குங்க சிஸ்டர். இப்படிச் சேத்து ஒட்டவெக்குமுங்களா?” என்றார்.

2. மலையிறக்கம்

மரத்துப்போகிற ஊசி போட்டு ஒரு கழலையை மட்டும் எடுத்து, பாட்டிலில் போட்டுக் கீழே மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். டவுனில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், சளியும் பார்த்தோம். நெஞ்சு சுத்தம், சளியும் சுத்தம். கழலை மட்டும் டீபீ என்று வந்தது.

டாக்டர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். “நெஞ்சுல இல்லீங்க அம்மிணி. கழுத்துக் கழலைக்குள்ள மட்டுந்தானுங்க. இருமினாத்தானே அடுத்தவங்களுக்குப் போகும்? உங்களுக்கு அந்தப் பயமில்லீங்க. கொழந்தைக்குத் தாராளமாப் பால் குடுங்க. தெனமும் ஊசி, கூட மாத்திரை. வருசத்துக்கு மேல ஆகுமுங்க, ஆனாக் கண்டிப்பாக் கொணமாயிரும்.”

நோய் குணமாகும் என்ற சொல் அவள் காதில் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகம். கையெடுத்துக் கும்பிட்டாள். “சார், அந்தப் பேரை மட்டும் வெளிய சொல்லிராதீக.”

ஏன் என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் பாக்டரியில் இலை காயப்போடுகிற ஓர் ஆள் ரத்தமாக இருமினார். டீபீ என்று தெரிந்த அன்றே கணக்கை முடித்து ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டார்கள். மலையிறக்குவது என்று அதற்குப் பேர். பெண்டாட்டி பிள்ளைகளும் கூடவே போனார்கள், ஏனென்றால் வேலை இருந்தால்தான் எஸ்டேட்டில் வீடு. அவர்கள் இருந்த அறையில் அடுத்த வாரம் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியது. சண்முகத்தாய்க்குக் கீழே ஊரில் போக ஒரு குடிசைகூடக் கிடையாது. அவள் பிறந்ததே இந்த மலையில்தான்.

“உங்க ஊட்டுக்காரருகிட்டயாவது சொல்லலாமுங்களா?” என்றார் டாக்டர்.

“வேண்டாம் சார். அவுக நல்லவுகதான். ஆனா மனசுல ஒண்ணு நிக்காது, வாயில வந்துரும்.”

டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடைசியில், “கயித்துக் கட்டின்னே இருக்கட்டுமுங்க. ஊசி மட்டும் ஒரு நாளும் தவறக்கூடாது” என்றார்.

அவர் செய்தது தப்பென்று பிற்காலத்தில் ஒரு பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வதற்கு என்ன? அந்தப் பிள்ளை கும்பிட்ட கையை இறக்காமல் நின்றதை அவர் பார்க்கவில்லையே.

ஊசி அப்போது ஸ்ட்ரெப்டோமைசின். தூளில் தண்ணீரை விட்டுக் குலுக்கி, கொதிக்கவைத்த கண்ணாடிச் சிரிஞ்சில் எடுத்துப் போடுவோம். இடுப்பில் இரும்பைக் காய்ச்சிச் செருகின மாதிரி வலிக்கும். அவள் வேலைக்குப் போகிற வழியில் விடியற்காலையில் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே மலையேறுவாள். முனகல்கூட வராது. எனக்குத்தான் மனசு கேட்காது. காந்தலூர்க்காரர் சந்தைக்குக் கொண்டுவருகிற பீன்ஸிலும் முட்டையிலும் கொஞ்சம் அவளுக்கென்று எடுத்துவைப்பேன்.

3. ஊசி வளர்த்த கட்டி

முதலில் காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கட்டி? அது சுருங்குவதற்குப் பதில் பெருத்தது. காதுக்குக் கீழே புதிதாக இன்னொன்று முளைத்தது. மேல்தோல் சிவந்து பளபளத்தது.

“பயப்படாதீங்க” என்றார் டாக்டர். “மருந்து கேக்கறப்பவே சிலருக்கு மொதல்ல வீங்குமுங்க. உள்ள செத்த கிருமியோட ஒடம்பு மல்லுக்கட்டுது. அப்பறம் தானா வத்திரும். ஊசியை மட்டும் நிறுத்தீராதீங்க.”

எனக்குப் புரிந்தது. லயத்துக்கு யார் புரியவைப்பது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சண்முகத்தாய்க்கு அடுத்த வீடு பேச்சியம்மா. கொழுந்து எடுப்பதில் எஸ்டேட்டிலேயே கைவேகம் அவளுக்குத்தான், வாய் அதைவிட வேகம். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

“எம்மா, எனக்குந்தான் கயித்துக் கட்டி இருக்கு, ஊசியா போட்டேன்? இவளுக்குப் போடப் போட வளருது பாரு. கொங்கு டாக்டருக்கு மாட்டு வைத்தியந்தான் தெரியும் போல!”

ஒரு நாள் காலையில் சண்முகத்தாய் ஊசிக்கு வரவில்லை. மறுநாளும் காணோம். அன்று சாயங்காலம் டூட்டி முடிந்ததும் நேரே மூன்றாம் நம்பர் லயத்துக்குப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வாசலில் அவள் புருஷன் முருகையா துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பாக்டரியில் இலையை உருட்டுகிற ரோலிங் ரூமில் வேலை பார்க்கிறவன், சாது.

“எங்க கிளம்பியாச்சு?”

“விடிஞ்சா பஸ்ஸுல கீழ எறங்குதோம் நர்ஸம்மா. போடிப் பக்கம் ஒருத்தர் கட்டியைக் கீறிச் சூடு போடுதாராம். ஒரே நாள்ல வேரோட போயிருமாம்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கழலையைக் கீறினால் ஆறாத புண்ணாகி மாசக்கணக்கில் சீழ் வடியும். அப்படிச் சீழ் வடிகிற கழுத்தோடு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

“முருகையா, சொன்னாக் கேளு. ஊசியை விட்டுட்டு அங்க போனா இவளை நீயே கொன்ன மாதிரி.”

அவனுக்கும் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். “நர்ஸம்மா, நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்க, கயித்துக் கட்டிக்கு எந்த ஊர்ல வருசம் பூரா ஊசி போடுதாக? வாரவளெல்லாம் கறுப்பு மருந்தைத் தடவிட்டுப் போறா. எம் பொண்டாட்டிக்கு மட்டும் ஏன்?”

நான் என்ன சொல்ல? கயிற்றுக் கட்டி என்று சொன்னதே நாங்கள்தான். அந்தப் பேர் அவள் வேலையைக் காப்பாற்றியது. இப்போது அதே பேர் அவளைக் கத்திக்குக் கொண்டுபோகிறது. உண்மையைச் சொன்னால் ஊசி நிற்காது, வேலை நிற்கும்.

சண்முகத்தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“இது கயித்துக் கட்டி இல்ல” என்றாள். “டீபீ.”

முருகையா கையிலிருந்த மூட்டை நழுவியது.

“நாந்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னேன். வேலை போனாப் போவுது. இந்தப் புள்ளைக்கு ஆத்தா வேணும். நான் ஊசிதான் போடப் போறேன், சூட்டுக்கு வரமாட்டேன்.”

அந்தப் பிள்ளை அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் லய வீட்டைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன என்பது புரியும். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே திறந்தே கிடக்கும். இந்த வீட்டில் கடுகு வெடித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அடுத்த வீட்டில் பேச்சியம்மாவின் அம்மி சத்தம் சட்டென்று நின்றது.

4. பெரட்டுக்களம்

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே குழந்தைகளை விடுகிற கொட்டிலுக்குப் போனேன். நினைத்தபடியே நடந்திருந்தது. கொட்டில் ஆயா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “இந்தப் புள்ளைய உள்ள விட மாட்டேன். மத்த புள்ளைகளுக்கு ஒட்டுனா நானா பதில் சொல்லுவேன்?” பேச்சியம்மா தன் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து வாரித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மற்றவர்களும் அப்படியே. சண்முகத்தாய் குழந்தையோடு முற்றத்தில் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி ஒரு வண்டி திரும்புகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

அங்கிருந்து எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு வந்தார்கள். காலையில் பேர் கூப்பிட்டு ஆளை மலைக்குப் பிரித்து அனுப்புகிற மைதானம் அது. சேதி அதற்குள் துரைக்குப் போயிருந்தது. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், மேனேஜர். ஆள் போனாலும் பேர் போகவில்லை. ஜீப்பை விட்டு இறங்காமலே கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்: “அந்தப் பொம்பளை அன்ஃபிட். இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பு.”

டாக்டர் அரக்கப்பரக்க ஓடிவந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார். “சார், ஒரு நிமிசமுங்க. இது நெஞ்சுல இருக்கற டீபீ இல்லீங்க. கழலைக்குள்ள பூட்டிக் கெடக்குதுங்க. மூச்சுல பரவாதுங்க. எக்ஸ்ரே சுத்தமுங்க சார்.”

“டாக்டர், டீபீன்னா டீபீ. ஐ கான்ட் டேக் எனி ரிஸ்க்.”

“ரிஸ்க்கே இல்லைன்னுதானுங்க சொல்றேன்.”

“தென் வொய் டிட் யூ ஹைட் இட்?”

சண்முகத்தாய் அழவில்லை. தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையை ஜீப்புக்கு முன்னால் வைத்தாள். பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று முன்னே போனேன். அதற்குள் பேச்சியம்மா முந்திக்கொண்டாள்.

“தொர, ஒரு கேள்வி. கழுத்துல கட்டி இருந்தா மலையெறக்குவீகளா?”

“டீபீ கட்டி இருந்தா இறக்குவேன்.”

“அவளுதும் இத்தனை நாளு கயித்துக் கட்டின்னுதான் சொன்னாக. எனக்கும் இருக்குல்லா?” என்று கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். அங்கே தோல் தடவித் தடவிச் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அவள் தன் கழுத்தையே தடவிக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. “டாக்டர் எங்க கழுத்தையும் பாக்கட்டும். எல்லாத்தையும் பாத்துட்டு, எத்தனை பேரோ அத்தனை பேரையும் சேத்தே எறக்குங்க. அவ ஒருத்தி மட்டும் ஏன் போவணும்?”

அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தி வந்து பேச்சியம்மாவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பயந்தவள், வேடிக்கை பார்க்க வந்தவள், சற்றுமுன் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினவள் என்று அத்தனை பேரும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள்.

டாக்டர் ஒவ்வொரு கழுத்தாகத் தொட்டார். “இருக்குதுங்க சார்” என்றார். அடுத்தவளைத் தொட்டார். “இவங்களுக்கும் இருக்குதுங்க.” அடுத்து, “சின்னது, இருக்குதுங்க.” துரையின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மழை விட்டு வெயில் அடித்த சமயம் அது. மலை முழுக்கக் கொழுந்து பொங்கி நிற்கிறது. இரண்டு நாள் கைபடாமல் விட்டால் அத்தனையும் முற்றிப்போகும்.

“டாக்டர், இன்னும் எத்தனை பேர்?”

“பாதியே இன்னும் பாக்கலீங்க சார்.”

துரை மலையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். “ஆல்ரைட். பரவாதுன்னு நீங்க சொல்றீங்க. உங்க பொறுப்பு. அவ இருக்கட்டும். கணக்குப்பிள்ளை, எல்லாரையும் வேலைக்கு அனுப்பு” என்றார். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

டாக்டர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “சிஸ்டர், முக்காவாசிப் பேருக்கும் பேனுங்க. தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகிக் கழலை கட்டியிருக்குது.”

“அதைத் துரைகிட்டச் சொல்லலையே?”

“கட்டி இருக்குதுன்னேன், அவரு கேட்டுக்கிட்டாரு. எதனாலன்னு கேக்கவே இல்லீங்களே” என்றார். அந்த மனுஷனை அப்படியே தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போல இருந்தது எனக்கு.

பேச்சியம்மா எங்களிடம் வந்து நின்றாள். “எனக்கு என்ன சார்? உள்ளதைச் சொல்லுங்க, தாங்கிக்கிடுதேன்.”

“உங்களுக்குப் பேனுங்க அம்மிணி.”

அவள் பேயறைந்த மாதிரி நின்றாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், களமே அதிர்ந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே சண்முகத்தாயிடம் போய், அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கொட்டிலுக்கு நடந்தாள். ஆயா வழி விட்டாள். குழந்தையைத் தன் பிள்ளையோடு ஒரே தொட்டிலில் போட்டுவிட்டு வந்து, “என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? கூடையை எடு, வெயில் ஏறுது” என்றாள்.

5. இங்கேதான்

அந்த வாரமே எல்லாக் கழுத்தையும் ஒழுங்காகப் பரிசோதித்தோம். கயிற்றுக் கட்டி என்று கறுப்பு மருந்து தடவிக்கொண்டிருந்தவர்களில் இன்னும் சிலருக்கு அதே கழலை டீபீ இருந்தது. அவர்களுக்கும் ஊசி ஆரம்பித்தோம். பேரை ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. மிச்சப் பேருக்குப் பேன் மருந்து கொடுத்தோம். முருகையா தினமும் விடியற்காலையில் தானே பெண்டாட்டியைக் கூட்டிவந்து ஊசி போட்டு முடிகிறவரை வெளியே நிற்பான். கட்டி இன்னும் கொஞ்ச நாள் படுத்தியது. ஒன்று உடையப் பார்த்தது. பிறகு டாக்டர் சொன்னபடி வற்றிப்போய்ச் சுருக்கமாக ஒரு தழும்பு மட்டும் நின்றது.

பல வருஷம் கழித்து எச்.ஐ.வி. காலம் வந்தது. அதே கழுத்துக் கட்டியோடு ஆட்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் வரும், அக்குளிலும் வரும், சில பேருக்கு நெஞ்சிலும் சேர்ந்தே இருக்கும். வேகம் அதிகம். தினசரி ஊசி போய்க் கூட்டு மாத்திரைகள் வந்திருந்தன. டாக்டர் நாச்சிமுத்து ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஜனங்களுடைய பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை. முன்பு டீபீ என்ற சொல்லுக்கு ஒதுங்கினவர்கள் இப்போது மூன்று எழுத்துக்கு ஒதுங்கினார்கள்.

இளம் நர்ஸுகள் என்னிடம் கேட்பதுண்டு: “நோயோட பேரை நோயாளிகிட்ட எப்படிம்மா சொல்றது?” அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொல்வது கஷ்டமே இல்லை, வாய் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பேரைக் கேட்ட பிறகு அவர் எங்கே போய் நிற்பார், யார் பக்கத்தில் நிற்பார் என்று முதலில் பார். அதைப் பார்க்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் மருந்து பாதியில் நிற்கும். டாக்டரும் நானும் சண்முகத்தாய்க்கு மருந்து கொடுத்தோம். நிற்க இடம் கொடுத்தது கூடையை இறக்கிவைத்த அந்தப் பெண்கள்.

என் சர்வீஸின் கடைசி வருஷங்களில் ஒரு லாரி டிரைவர் வந்தான். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு நோயும் இருந்தன. நான் என்ன சொல்லியும் மாத்திரையைக் கையில் வாங்கவில்லை. முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க வந்த சண்முகத்தாய் பக்கத்து பெஞ்சில் இருந்தாள். தலை நரைத்துவிட்டது, குரல் கணீரென்று ஆகியிருந்தது. அவனுக்கு என்ன நோய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுந்து அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கிக் கழுத்துத் தழும்பைக் காட்டினாள்.

“எய்யா, இங்க பாரு. எனக்கும் இதே எடத்துலதான். போ போன்னாக, நான் போவல. மாத்திரையைப் போடு. நீயும் இங்கதான் இருப்பே.”

அவன் துண்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.